மார்ச்சில் அரங்கு இல்லை

பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக்கு நடக்கப்போகும் கருத்தரங்குகளின் பட்டியலை ஜூன் மாதமே கணினி ஊகித்துக் கொடுத்துவிடும். இதுவரை ஒரு வரிகூடத் தவறியதில்லை. அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், கேட்பவர்களுக்கு அரங்கு ஒதுக்குவதும் அலுவலகத்தில் பிரிஸ்கில்லாவின் வேலை.

இந்த முறை பிப்ரவரி பதினொன்றுக்கு நேரே, 'பேராசிரியர் நல்லபெருமாள் நினைவுச் சொற்பொழிவு; உரை: தாவரவியல் துறைத் தலைவர்' என்று இருந்தது. அவள் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

சற்று நேரத்தில் தாவரவியல் நல்லபெருமாளே குடையும் கையுமாக வந்து நின்றார்.

"அலையாத்திக் காடு பத்தி ஒரு பயிலரங்கு நடத்தணும்மா. மார்ச்ல அரங்கு கிடைக்குமா?"

"மார்ச்ல இல்ல சார். நவம்பர்ல போட்டுரட்டுமா?"

"நவம்பர்ல மழை. சேத்துக்குள்ள யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது."

"அப்ப செப்டம்பர் சார். அதுல கண்டிப்பா நடத்திரலாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தாளைத் திருப்பி, விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டு வந்தார். பிப்ரவரியில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பேசப்போறது நம்ம துறைத் தலைவரா?"

"ஆமா சார்."

"அலையாத்தி மரங்கள்ல கண்டல் எது, வெண்கண்டல் எதுன்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதேம்மா."

பிரிஸ்கில்லா அரங்குப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள்.

"செப்டம்பர்லயே போடு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். "பயிலரங்குல சேர்றவங்க பட்டியல்ல அவர் பேரை முதல்ல எழுது."