மூங்கில் வில் சொல்லாமல் விட்டது

வேடன் சடையன் சக்கரங்கள் வைத்த புது வில் ஒன்றை வாங்கி வந்தான். பழைய மூங்கில் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, அதனோடு பல வருஷம் வேட்டைக்குப் போன மர அம்பை மட்டும் கையில் எடுத்தான்.

அம்புக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணே, புது வில்லோட நானும் காட்டுக்குப் போறேன்! எவ்வளவு தூரம் பறப்பேன் பாருங்க!”

புது வில்லின் வேகத்தை மர அம்பு தாங்காது, நாணை விட்டதுமே சிம்பு சிம்பாகத் தெறித்துவிடும் என்று மூங்கில் வில்லுக்குத் தெரியும். ஆனால், பிரிந்து போகிறோமே என்று அம்பு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது வில்லின் மனதில் சுருக்கென்று தைத்தது.

வாசலில் அம்பு கொஞ்சம் தயங்கியது. “அண்ணே, நான் தாங்குவேன் இல்ல?”

“எனக்கென்ன தெரியும்? போயிட்டு வா” என்றது வில்.

சாயங்காலம் சடையன் ரத்தம் கசியும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பினான். அம்பில் மிஞ்சியது இரும்பு முனை மட்டும்தான்.

மூங்கில் வில் புது வில்லிடம் மெதுவாகக் கேட்டது: “கடைசியில் ஏதாவது சொன்னானா?”

“பயமா இருக்கான்னு கேட்டேன்” என்றது புது வில். “‘ஆபத்துன்னா அண்ணன் என்னை அனுப்பியிருக்கமாட்டார்’னு சொன்னான்.”