கீரையைப் புதைப்பவள்

“இன்னைக்கும் பை இல்லைங்க!” கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் வித்யா.

“மாடு கீடு தின்னிருக்கும்” என்றான் கௌதம், குளியலறையிலிருந்தே.

“மாடு கொக்கியிலேர்ந்து பையைக் கழட்டியா தின்னும்?”

இது மூன்றாவது நாள். எதிர்வீட்டு ஹேமாவதி அக்கா விடிகாலையில் வாக்கிங் போகும்போது, வித்யா வீட்டு கேட்டில் ஒரு கீரைப் பையை மாட்டிவிட்டுப் போவார். எட்டு மாதக் குழந்தை எழிலுக்குப் பருப்போடு மசித்து ஊட்டுவதற்காக.

அக்காவின் தோட்டம் அயனம்பாக்கத்தில் அவ்வளவு பிரசித்தம். பூச்சிமருந்தே படாத தோட்டம் என்று தெருவே சத்தியம் செய்யும்.

போன மாதம் அதற்கும் ஒரு சோதனை வந்தது. நேற்று நிமிர்ந்து நின்ற கத்திரிச் செடி இன்று தலை தொங்கிக் கிடக்கும். தொட்டு இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் வேரே இருக்காது. மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. எட்டிப் பார்த்த வித்யா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“மருந்து வச்சா ரெண்டு நாள்ல ஒழிஞ்சிடும். ஆனா நான் வைக்க மாட்டேன். வேப்பம்புண்ணாக்கு போட்டு, கையாலயே பொறுக்கிடுவோம். பாத்துக்கிட்டே இரு, முதல் அறுப்பு எழிலுக்குத்தான்” என்றார் அக்கா. தெரு வாட்ஸப் குரூப்பிலும் அதையே போட்டார். இருபது பேர் கைகூப்பினார்கள்.

பொறுக்கியது என்னவோ அக்கா இல்லை, தோட்ட வேலைக்கு வரும் வேம்புலியம்மாள். முழங்கை வரை மண்ணுக்குள் விட்டு, புழுவை எடுத்து எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

சொன்னபடியே தோட்டம் பச்சைப் பசேல் என்று ஆனது. ஆனால் என்னவோ சரியில்லை. தினமும் வந்து கூச்சல் போடும் மைனாக்களைக் காணோம். எறும்பு கூட ஊரவில்லை. அந்தப் பக்கம் போனாலே வித்யாவுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

முதல் பை வந்த அன்று, சாப்பிட்டதையெல்லாம் எழில் வாந்தி எடுத்தான். புதுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர்.

அன்று மாலை வேம்புலியம்மாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

“கொய்ந்தைக்குக் கீரை குடுத்தியாம்மா? எவ்ளோ குடுத்தே?”

கேட்டுவிட்டு, குழந்தையையே கண் கொட்டாமல் பார்த்தாள். நகத்தில் ஈர மண். வித்யா எழிலை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

“கண்ணு பட்டிருக்கு. மொளகா சுத்திப் போடு” என்றாள் மாமியார் போனில்.

சுற்றியும் போட்டாயிற்று. மறுநாளிலிருந்துதான் பை மாயமாக ஆரம்பித்தது. “நான் என் கையால மாட்டினேனே!” என்று அக்காவும் திகைத்தார்.

நான்காவது நாள் வித்யா ஜன்னலோரம் காத்திருந்தாள். அக்கா பையை மாட்டிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார். ஐந்து நிமிடம்தான். வேம்புலியம்மாள் வந்தாள். பையை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். எழில் தூங்கும் அறையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

வித்யா சத்தமில்லாமல் அவள் பின்னாலேயே போனாள்.

தெருக்கோடியில் ஒரு காலி மனை. ஏரியிலிருந்து வந்த பனியில் பாதி மறைந்திருந்தது. அங்கே மூன்று சின்ன மண்மேடுகள், பச்சைக் குழந்தைகளைப் புதைத்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேம்புலியம்மாள் நான்காவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! என் புள்ளைக்குச் செய்வினையா வைக்கிறே?”

வேம்புலியம்மாள் பதறி எழுந்தாள். பையிலிருந்து கீரை சரிந்து குழிக்குள் விழுந்தது.

“கத்தாதேம்மா. வெளிய போட்டா மாடு துன்னுடும். அதான் பொதைக்கிறேன்.”

“கீரையை எதுக்குடி பொதைக்கணும்?”

“புழு கையால பொறுக்கியா போச்சுன்னு நெனைச்சே? மண்ணுல விஷக் குருணை போட்ட பெறவுதாம்மா போச்சு. அந்தம்மா வாங்கியாந்து குடுத்துச்சு. மறுநாளே ரெண்டு மைனா செத்துக் கெடந்துச்சு. நல்லா கழுவிட்டா போயிடும், யாராண்டயும் மூச்சு விடாதேன்னுச்சு.”

அன்று எழில் கொட்டிய வாந்தி வித்யாவின் கண் முன்னால் வந்தது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே...”

“எங்க சொல்றது? அந்தம்மா பேச்சைத் தெருவே நம்புது. என்னைக் கண்டா நீ கொய்ந்தையைத் தூக்கிக்கினு உள்ள ஓடுறே.” வேம்புலியம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “குருணையைத் தூவுனதும் இந்தக் கைதாம்மா. ராவெல்லாம் தூக்கமே வர்ல.”

வெட்கத்தில் வித்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தும் மனசு முழுசாக நம்ப மறுத்தது.

“தெரிஞ்சே யாராவது இப்படிச் செய்வாங்களா? அக்கா வீட்டுலயும் இதே கீரையைத்தானே சமைக்கிறாங்க?”

வேம்புலியம்மாள் குழியை மூடிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“அவங்க ஊட்டுக்குக் கீரை, குருணை போட்ட நாள்லேர்ந்து, நான்தாம்மா பாடி மார்க்கெட்லேர்ந்து வாங்கியாறேன்.”