மறுபடியும் முதலிலிருந்து
கிங்ஸ்டன் காலை வெயில் சிற்றுந்தின் கண்ணாடியில் கொதிக்கிறது. கடைசி வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் ஒரு மீன்காரம்மாவுக்கும் நடுவே நான் செருகப்பட்டிருக்கிறேன். ஒன்பது மணிக்குத் தேர்வு. கல்லூரி வாசல் அதோ தெரிகிறது. இப்போதைய டான்ஸ்ஹால் குத்துப்பாட்டெல்லாம் இரண்டே நிமிடம்தான். வண்டியில் போட்டிருக்கும் இந்தப் பாட்டு மட்டும் அரைமணி நேரமாக ஓடுகிறது. பாட்டு பிடித்துப்போய் யாராவது வண்டிக் கூரையைத் தட்டினால் முதலிலிருந்து போடுவது எங்கள் ஊர் வழக்கம். “அண்ணே, நிறுத்துங்க!” ஒலிபெருக்கி என் குரலை விழுங்குகிறது. கூரையைத் தட்டுகிறேன். “தம்பியோட ரசனையப் பாருய்யா!” ஓட்டுநர் லென்வர்த் பாட்டை முதலுக்கு இழுக்கிறார். பலமாகத் தட்டுகிறேன். மறுபடியும் முதலிலிருந்து. மீன்காரம்மா முறைக்கிறார். “ஏம்ப்பா, ரெண்டாவது சரணத்தக் கேக்கவே விடமாட்டியா?” கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். வாசல் ஜன்னலைக் கடந்து பின்னால் போகிறது. அப்போதுதான் இரண்டாவது சரணம் வருகிறது. எனக்கு உயிரான இடம். கை தானாக எழுந்து கூரையைத் தட்டுகிறது.