மஃரிப் வராத ஊர்

"நஸீம் பானுவை உனக்குத் தர்றதா இல்லை. வந்த வழியே போ!"

ஹாஜா மைதீன் இதைச் சொன்னது தனியாகக் கூப்பிட்டு அல்ல. சைகோன் பள்ளிவாசல் தெருவில், தன்னுடைய துணிக்கடையில், வாடிக்கையாளர் முன்னால். காதும் காதும் வைத்தாற்போல் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

எதிரே நின்ற சலாஹுதீன் அவருடைய அக்காள் மகன். நார்வேக்காரர்களின் சரக்குக் கப்பலில் சமையல்காரன். காரைக்காலில் இருக்கும் அவர் மகள் நஸீம் பானு அவனுக்குத்தான் என்று எப்போதோ பேசி வைத்தது. இந்தத் தடவை ஊருக்குப் போனால் நிக்காஹ். அந்த நினைப்பிலேயே மிதந்துகொண்டு கப்பலிலிருந்து இறங்கி, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு இங்கே வந்திருந்தான், பாவம்.

"நான் என்ன மாமு தப்பு பண்ணிட்டேன்?"

"ரமலான் மாசத்துல, சூரியன் தலைக்கு மேல நிக்கையில, மேசையில உக்காந்து மீனும் உருளைக்கிழங்கும் தின்னியா, இல்லையா?"

"தின்னேன்."

"கேட்டுக்குங்க, முசே ஃபெர்னான்!"

ஃபெர்னான் புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர், துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. சட்டைத் துணி பார்க்க வந்தவர். அடுத்த வீட்டு விவகாரம் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. துணியை விட்டுவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பிரயாணத்துல இருக்கிறவங்க நோன்பை விடலாம்னு நீங்கதானே சொல்வீங்க, முசே ஹாஜா?"

"தாராளமா விடலாம். அப்புறம் ஒரு நாள் பிடிச்சாப் போச்சு. 'விட்டுட்டேன் மாமு'ன்னு சொல்லியிருந்தா நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? பள்ளிவாசல்ல போய் இவன் என்ன அளந்துவிட்டிருக்கான் தெரியுமா? அந்த ஊர்ல சூரியனே மறையலையாம்!"

"மறையலை மாமு. சத்தியமா மறையலை."

"பார்த்தீங்களா! தொழுதுட்டு வெளியே வந்தா, 'என்ன ஹாஜா, உங்க மருமகன் போன ஊர்ல அந்தி நேரத்து மஃரிப் தொழுகையே கிடையாதாமே'ன்னு ஆளாளுக்குச் சிரிக்கிறான். என் மானம் போகுது! பொய் பேசுறவனுக்குப் பொண்ணு கொடுக்கிற குடும்பம் இல்லை எங்க குடும்பம்."

சலாஹுதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

ஃபெர்னான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முசே ஹாஜா, பையன் சொல்றது நிஜம். நார்வேயில வடக்குக் கோடியில ஜூன் மாசம் பூரா சூரியன் மறையாது. எங்க ஆபீசுக்கு வர்ற கப்பல்காரங்க சொல்லிக் கேட்டிருக்கேன். நடுராத்திரியிலயும் வெயில்தானாம்."

"நடுராத்திரியில வெயிலா!"

"மாதா சத்தியமா."

மாதாவையே கூப்பிட்ட பிறகு ஹாஜா மைதீன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, அந்த ஊருக்கு நீ எதுக்குப் போனே?"

"கப்பல் பக்கத்துத் துறைமுகத்துல நின்னுச்சு மாமு. ஒரு நாள் லீவு கேட்டுப் படகு பிடிச்சுப் போனேன். சின்ன ஊரு. கடலோரமா சிவப்புச் சிவப்பா மரவீடு, எங்க பார்த்தாலும் மீன் காயப்போட்டிருக்கு. எய்னாரோட ஊர் அது. அவன் அம்மாவைப் பார்த்துட்டு வரலாம்னு போனேன்."

ஹாஜா மைதீன் குனிந்து துணியை மடிக்க ஆரம்பித்தார். ஃபெர்னான்தான் கேட்டார், "யாரு எய்னார்?"

"எங்கூட கப்பல்ல இருந்தவன். மார்ச் மாசம் இந்தத் தெருக் காப்பிக் கடையில வெடிகுண்டு போட்டாங்களே, அதுல அடிபட்டு இந்தக் கடை வாசல்லதான் செத்துக் கிடந்தான்."

"மொன் தியே!" ஃபெர்னான் சிலுவை போட்டுக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துச் சண்டை தொடங்கிய நாளாக சைகோனில் இது அடிக்கடி நடக்கிற சங்கதிதான். இருந்தாலும் பெற்ற தாய் என்றதும் மனிதருக்கு மனசு கேட்கவில்லை. "அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"மகன் செத்த சேதி வந்த நாள்லேர்ந்து சரியா சாப்பிடுறதே இல்லைன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்காகச் சமைச்சு மேசையில வெச்சாங்க. சூரியன் மறையட்டும், நோன்பு திறக்கலாம்னு நான் சன்னலையே பார்த்துக்கிட்டிருந்தேன். அது இறங்குற வழியாக் காணோம். அந்தம்மாவும் தட்டுல கை வெக்காம என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் தின்னாத்தான் அவங்க தின்பாங்கன்னு புரிஞ்சுபோச்சு. பிஸ்மில்லா சொல்லி வாயில போட்டுட்டேன் மாமு. அப்புறம் அவங்களும் சாப்பிட்டாங்க."

ஃபெர்னான் மூக்கை உறிஞ்சினார். "இந்தப் பையனுக்கா பொண்ணு இல்லைங்கிறீங்க? நல்லா இருக்கே நியாயம்!"

ஹாஜா மைதீன் மருமகனின் தோளைத் தட்டினார். "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே. நஸீம் உனக்குத்தான், போ. ஆனா ஒண்ணு. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. அந்த ஊருக்குப் போனதுல ஒரு பொய்கூடக் கலக்கலையே?"

சலாஹுதீன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு சொன்னேன் மாமு. இங்க இல்லை, அங்க. அந்தம்மாகிட்ட."

"ஆஹா! வந்துச்சா வெளியே? என்ன பொய்? சொல்லு, முசே முன்னாடியே சொல்லு!"

"வேணாம் மாமு. அதைக் கேக்காதீங்க."

"சொல்லுடா!"

"'கடைசியில என் பிள்ளைக்குன்னு யாரும் வரலையா?'ன்னு அழுதாங்க. 'அப்படி இல்லம்மா, ரத்தத்தோட ஓடி வந்து எங்க மாமு கடைக் கதவைத் தட்டினான், மாமு உடனே திறந்துட்டாங்க'ன்னு சொல்லிட்டேன்."