மணல் மேல் கள்ளாட்டம்

"எலியாசர் கள்ளாட்டம் ஆடினான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

கோல்ஃப் கிளப் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். தலைவி அலெட்டா டீயைக் கீழே வைத்தாள்.

"என்ன பண்ணினாரு, ஹெஸ்கியல் அண்ணே?"

"ஏழாவது குழிகிட்ட பந்தைக் காலால உதைச்சான். சுத்தும் முத்தும் பார்த்துட்டு உதைச்சான்!"

எலியாசர் தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். முப்பது வருடம் சுரங்கத்தில் என்னோடு லாரி ஓட்டியவன். தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

நாங்கள் கோப்பைக்காக ஆடினோம் என்று நினைத்துவிடாதீர்கள். கோல்ஃப் கோப்பைக்கும் எங்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கடைசியாக வரக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் போட்டி.

நமீப் பாலைவனத்தில் புல் ஏது? கம்பளத் துண்டு ஒன்றைக் கூடவே தூக்கிப் போய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்போம். குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி இறுக்கிய மண் வட்டம். மாதப் போட்டியில் கடைசியாக வருகிறவன், அடுத்த போட்டிவரை ஒன்பது வட்டத்தையும் தினமும் இரும்புச் சட்டம் இழுத்துச் சமன் செய்ய வேண்டும்.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு நான் மறுபடி ஆட வந்து மூன்று மாதம். மூன்றிலும் எலியாசர்தான் கடைசி. அவன் வேர்க்க விறுவிறுக்க இழுப்பான். நான் உட்கார்ந்துகொண்டு, "அந்த மூலை மேடா இருக்கு பாரு" என்பேன். மட்டையை எப்படிப் பிடிப்பது என்று பாடம் வேறு எடுத்தேன்.

இன்றைக்கும் ஜெயித்தது நான்தான். அப்புறம் எதற்குப் புகார் என்கிறீர்களா? ஏமாற்றியும் தோற்றான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா!

"நிரூபணம் ஆச்சுன்னா பேரை வெட்டிடணும். அதான் சட்டம்" என்றேன்.

"காத்து கிளம்பறதுக்குள்ள தடத்தைப் பார்த்துடலாம், வாங்க" என்றாள் அலெட்டா. தடம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஏழாவது குழி அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"உதைச்சது உண்மைதான்."

"நான் சொன்னேன்ல!"

"ஆனா பந்து கெட்டித் தரையில நல்லாத்தான் கிடந்திருக்கு. அதை முள்ளுப் புதருக்குள்ள தள்ளியிருக்காரு. தோக்கறதுக்கு யாராச்சும் கள்ளாட்டம் ஆடுவாங்களா, எலியாசர் அண்ணே?"

எலியாசர் தரையைப் பார்த்தபடி சொன்னான். "இவனுக்கு நெஞ்சைக் கீறித் தைச்சு ஆறு மாசம்தான் ஆகுது. இந்த வெயில்ல இரும்பை இழுத்தா தாங்குவானா? உனக்கு வேணாம்டான்னா கேக்கற ஜென்மமா இது? சண்டைக்கு வருவான்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ... இந்த மூணு மாசமும்?"

எலியாசர் பெருமூச்சு விட்டான்.

"உன்ன மாதிரி ஆடறவன்கிட்ட தோக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமாடா!"