தட்டில் இல்லாதது

"விளக்கை அணைங்க," என்றாள் டாக்டர்.

ஆபரேஷன் தியேட்டர் இருண்டது. திரையில், மாரிக்கனியின் வயிற்றுக்குள்ளே, ஒரு பச்சைக் கோடு ஒளிர்ந்தது.

சிறுநீர்க் குழாய். சற்று முன் அதற்குள் அவளே செலுத்திய சாயம்.

கர்ப்பப்பையை ஒட்டியே ஓடும் அது. வெறும் கண்ணுக்கு ரத்தக் குழாய் மாதிரிதான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன், சாயம் கைக்கு வராத காலத்தில், வேறொருத்திக்கு அதைத் தெரியாமல் வெட்டிவிட்டாள். அன்று கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் பதினாறு பேர் நின்றார்கள். பதினாறு பேருக்கும் பதில் சொன்னாள்.

சூடு கண்ட பூனை. இன்று கர்ப்பப்பையை எடுக்கையில், ஒவ்வொரு வெட்டுக்கும் முன் பச்சையைத் தேடினாள்.

கடைசிவரை கோடு அறுபடவில்லை.

எடுத்ததை வெளியே காத்திருப்பவர்களிடம் காட்ட வேண்டும். இங்கே அது வழக்கம். காட்டாவிட்டால் எடுத்ததாகவே நம்பமாட்டார்கள். கர்ப்பப்பையைத் தட்டில் ஏந்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"மாரிக்கனி கூட வந்தவங்க?"

யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். யாரோ ஒருவர், வழியில் கிடந்த தன் பையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மகன் பஸ் ஏறிவிட்டான், முடிவதற்குள் வந்துவிடுவான் என்று காலையில் மாரிக்கனி சொல்லியிருந்தாள்.

ஒரே ஒருவர் இருந்திருந்தால் போதும். குழாய் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். தட்டில் அதைக் காட்ட முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

தன் வீட்டிலும் அதைக் கேட்க ஆளில்லை. அழுகை வந்தது. தட்டோடு உள்ளே திரும்பினாள்.

மத்தியானம் வார்டில் மாரிக்கனி கண் விழித்தாள்.

"எம் மவன் பாத்தானா, டாக்டரம்மா?"

"பாத்துட்டுப் போனார்."

"என்ன சொன்னான்?"

அவள் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. நெஞ்சில் இருந்ததே வாயில் வந்தது.

"பக்கத்துல இருக்கிற குழாய்க்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டார்."

மாரிக்கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அப்படியெல்லாம் கேக்க மாட்டானே."



மாரிக்கனி, ஊசி ஏறாத கையால் போர்வையை ஒதுக்கினாள். கட்டில் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

"உக்காருங்க. அந்தக் குழாய்க்கு ஒண்ணும் ஆகலைல்லா?"