பூ வைக்க வந்த மதினி

பூச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சண்முகத்தாய் ராமுத்தாயின் உச்சியில் விரலை விட்டாள்.

விட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த இடம்தான். வெள்ளி ரூபாய் அகலத்துக்கு முடியில்லாத இடம். அதைச் சுற்றிலும், அறுத்துப்போட்ட கம்பங்காட்டுக் கட்டை மாதிரி, பாதி முளைத்த முடி கையில் குத்தும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்பார்கள். அம்மா மூக்கம்மாள் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தாள். அதுவும் வாயால் சொல்லவில்லை. விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்து, இந்தப் பக்கத்து முடியை அந்தப் பக்கம் இழுத்து வாரி, சீப்பாலேயே சொல்லியிருந்தாள். ஆனைக்குட்டத்துக்குக் கரண்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டிய பல்பை இன்றைக்கு மட்டும் அவள் எரியவிடவில்லை.

முன்பு காரியாபட்டிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் தலையைத் தடவினார்கள். புழுவெட்டு, பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று முணுமுணுத்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் வண்டியைப் பூட்டினார்கள். இந்தச் சாத்தூர்ச் சம்பந்தமும் தட்டிப்போனால், அப்புறம் இந்த வாசலை மிதிக்க எவரும் வரமாட்டார்கள்.

மூக்கம்மாளும் புழுவெட்டு என்றுதான் நம்பினாள். சின்ன வெங்காயத்தை நசுக்கி, எரிய எரியத் தேய்த்தாள். இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டாள்.

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ராமுத்தாயின் வலது கைதான்.

எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. பருத்தி எடுக்கும்போது கை தலைக்குப் போகாது. களை வெட்டும்போதும் போகாது. சும்மா உட்கார்ந்தால் போதும், விரல் தானாக உச்சிக்கு ஏறி, ஒவ்வொரு முடியாகத் தேடிப் பிடுங்கும். பிடுங்கிய பிறகுதான் பிடுங்கியதே தெரியும். வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டே பிடுங்கிய நாளும் உண்டு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அம்மா அவளைக் காட்டுப் பக்கமே விடவில்லை. நாலு குறுக்கம் கரிசல் நிலம் உள்ள வீட்டுப் பெண் வெயிலில் கறுத்துப்போகலாமா? நிழலில் இருந்து நிறம் ஏறட்டும் என்று கூடத்திலேயே உட்காரவைத்தாள். நிறம் ஏறியதோ இல்லையோ, தலை காலியாகிக்கொண்டு வந்தது.

இப்போது சண்முகத்தாயின் விரல் அந்த வெற்றிடத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் மாப்பிள்ளையின் அக்கா. பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் பூ வைத்தால் சம்பந்தம் உறுதி. வைக்காமல் எழுந்தால், வந்த வண்டி வந்த வழியே திரும்பிவிடும்.

குலவை போட நாக்கைத் தயாராக வைத்திருந்த பெண்களில் ஒருத்திக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னத்தா, பூ வைக்கச் சொன்னா பேன் பாக்குத?"

கூடமே சிரித்தது. ராமுத்தாய் தரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முடி அம்புட்டு அடர்த்தி. பூ நிக்க மாட்டேங்கு," என்றாள் சண்முகத்தாய். தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பூச்சரத்தை அந்த வெற்றிடத்தின் மேல் வட்டமாகச் சுற்றி, பக்கத்து முடியோடு சேர்த்து இறுக்கிக் குத்தினாள்.

குலவைச் சத்தம் தெருமுனை வரைக்கும் போனது.

அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது ராமுத்தாய்க்கு. இந்த உதவியைச் செத்தாலும் மறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் சண்முகத்தாயின் குரல் கறாராக மாறியது.

"ஒண்ணு இப்பமே சொல்லிப்புடுதேன். எங்க வீட்டுல பொழுதன்னைக்கும் எங்கூட உக்காந்து தீப்பெட்டி ஒட்டணும். கையில பசை காயவே காயாது. தலையச் சொறியக்கூட முடியாது. பெறவு வருத்தப்படக் கூடாது."

மூக்கம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. மாப்பிள்ளை கம்பெனி உத்தியோகம், பெண் ராணி மாதிரி இருப்பாள் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். பூ வைத்த கையோடு வேலைக்கு ஆள் பிடிக்கிறார்களே!

ராமுத்தாய் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பசைக் கையோடு யாரும் தலையைத் தொடமாட்டார்கள். வெங்காயம் தேய்த்தவர்களுக்கும் எண்ணெய் காய்ச்சியவர்களுக்கும் தோன்றாத வைத்தியம்.

"ஒட்டுதேன் மதினி," என்றாள். அவளுடைய அவசரத்தைப் பார்த்துக் கூடம் மறுபடியும் சிரித்தது.

தாம்பூலத் தட்டு மாற்றுகிற பக்கமாக எல்லோரும் திரும்பினார்கள். புழுக்கம் தாங்காமல் சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சேலையில் கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தது. துடைத்த இடத்தில் மை மட்டும் போகவில்லை, ஒரு பக்கத்துப் புருவமே போயிருந்தது.

அது அவளுக்குத் தெரியவில்லை. என்ன அப்படிப் பார்க்கிறாய் என்பது போலச் சிரித்தாள்.

ராமுத்தாய் தன் கண்ணோரத்து மையை வலது கை விரலால் தொட்டெடுத்தாள். யாரும் திரும்புவதற்குள் அந்த வெறும் தோலின் மேல் வளைவாக ஒரு கோடு இழுத்தாள்.

சண்முகத்தாயின் சிரிப்பு நின்றது. ஒரு கணம்தான். பிறகு, கோணாமல் வரையட்டும் என்று, கண்ணை மூடி முகத்தை நீட்டிக் கொடுத்தாள்.

மூடிய இமைகளிலும் ஒரு முடிகூட இல்லை.